நானோ பற்றி நம் தோட்டங்களில் கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். 2021 இல் பசளைத் தட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து நானோ பசளை வருகிறது என்று செய்தியில் சொன்ன நாளிலிருந்து இந்தக் கேள்விகள் என்னைத் தேடி வருகின்றன. பஸ் தரிப்பிடத்தில் கேட்பார்கள், பெற்றோர் கூட்டம் முடிந்ததும் கேட்பார்கள், திருவிழாவில் அன்னதான வரிசையில் நிற்கும்போதும் கேட்டிருக்கிறார்கள்.

ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்ட பிறகு ஒரு கொப்பியில் எழுதி வைக்கத் தொடங்கினேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் பின்னால் வருவது சுலபமாக விளங்கும்.

1. "நானோ, நானோன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன டீச்சர்? நானுஓயாவில இருந்து வந்த பேரா?"

தரம் 8 பையன் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது, ஆனால் ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிற பிள்ளை நல்ல பிள்ளை. கிரேக்க மொழியில் குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது இது. ஒரு மீற்றரை 100 கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீற்றர். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பே 80,000 முதல் 100,000 நானோமீற்றர் வரை வரும். பொதுவாக 1 முதல் 100 நானோமீற்றர் வரை இருப்பவற்றை நானோ துகள் என்கிறார்கள். அந்த அளவில் பொருட்களைச் செய்து பயன்படுத்துவது நானோ தொழினுட்பம். அந்தச் சொல்லை 1974 இல் முதலில் பயன்படுத்தியவர் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி.

பெயரில் மட்டும் நானோ உள்ள பொருட்களும் உண்டு. போனில் போடுகிற நானோ சிம் 12.3 மில்லிமீற்றர் நீளம். நானோமீற்றரில் கணக்குப் போட்டால் 1 கோடியே 23 லட்சம். அதற்கும் இந்தப் பக்கத்தில் உள்ள விஷயத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

2. "சின்னதா இருந்தா என்ன? வெள்ளி வெள்ளிதானே, இரும்பு இரும்புதானே?"

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஒரே மலையில் பறித்த கொழுந்துதான். பெரிய இலையாகச் சுருட்டிய ஓ.பி. தேயிலையில் சாயம் ஆறுதலாக இறங்கும், டஸ்ட் தேயிலையில் சுடுதண்ணீர் பட்டதுமே இறங்கிவிடும். பொருள் மாறவில்லை, தண்ணீர் படுகிற பரப்புத்தான் கூடியது.

இதையே கணக்காகப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் உள்ள சீனிக்கட்டி மாதிரி ஒன்றை எடுத்தால் அதன் வெளிப்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே ஒரு நானோமீற்றர் கட்டிகளாக வெட்டிக்கொண்டே போனால் மொத்தப் பரப்பு 6,000 சதுர மீற்றர். ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! அதனால் பெரிய கட்டியாக இருக்கும்போது சும்மா கிடக்கும் பொருள், நானோ அளவில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். நிறம்கூட மாறும்: நானோ அளவில் தங்கம் சிவப்பாகத் தெரியும். மருந்தாகப் பயன்படுவதும் இந்தக் குணத்தால்தான், பயப்பட வேண்டியிருப்பதும் இதே குணத்தால்தான்.

3. "இதெல்லாம் லெபோரட்டரியில செய்றதுதானே? நம்ம தோட்டத்துல ஏது நானோ?"

லயத்துக் குசினிக்குள் போய்ப் பாருங்கள். விறகு எரியும்போது வருகிற புகையில் 100 நானோமீற்றருக்கும் சிறிய துகள்கள் ஏராளம். டீசல் பஸ் ஏற்றத்தில் கக்கும் கரும்புகை, நுளம்புச் சுருள், குப்பை எரிக்கும் புகை எல்லாவற்றிலும் உண்டு. யாரும் வேண்டுமென்று செய்யாதவை, ஆனால் அளவில் நானோவேதான்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலைக் குளிருக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஒரே காம்பராவில் சமைத்து, அங்கேயே பிள்ளையையும் படுக்க வைக்கிறோம். வீட்டுக்குள் எரிக்கும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020 இல் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நானோ என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள், முதலில் அடுப்புக்கு மேலே ஒரு புகைக்கூடு வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். என் அம்மா நாற்பது வருடம் அந்தப் புகையில் நின்றவர். இன்றைக்கும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறார்.

4. "அவ்வளவு சின்னதுன்னா தோல் வழியா உள்ளே போயிடாதா?"

மூன்று வழிகள் உண்டு: மூச்சு, வாய், தோல். இவற்றில் தோல்தான் நல்ல காவல். காயமில்லாத தோலில் பூசிய துத்தநாக ஒட்சைட்டு, தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் துகள்கள் பெரும்பாலும் மேலே உள்ள இறந்த தோல் அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் கொழுந்து பறித்து வெடித்த விரலும், அட்டை கடித்த காலும் காயமில்லாத தோல் என்று சொல்ல முடியாது. அங்கே கவனம் தேவை.

வாய் வழியாகப் போவதில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். பயப்பட வேண்டிய வழி மூச்சுத்தான். பெரிய தூசியை மூக்கும் தொண்டைச் சளியும் பிடித்துவிடும். நானோ துகள்களில் கணிசமான பங்கு நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ப் படியும். அங்கே சளியும் இல்லை, தள்ளி வெளியேற்றும் மயிர்களும் இல்லை. கொஞ்சம் குருதிக்குள்ளும் போகலாம். 2004 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எலிகள் மூச்சில் இழுத்த கரித் துகள்கள் மூளையில் மணத்தை உணரும் பகுதியில் காணப்பட்டன. அவை மூக்கிலிருந்து போகும் நரம்பு வழியாகப் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

ஆகவே ஒரே பொருள் களிம்பாகவோ பெயின்றுக்குள் காய்ந்தோ இருந்தால் ஆபத்துக் குறைவு. உலர்ந்த தூளாகவோ ஸ்பிரேயாகவோ காற்றில் பறந்தால் ஆபத்துக் கூட. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

5. "அப்போ நானோன்னா விஷம்தானே?"

இல்லை. பால் வெள்ளையாகத் தெரிவதில்கூட நானோ அளவுப் புரதத் துகள்களுக்குப் பங்கு உண்டு. எந்தப் பொருள், என்ன வடிவம், எந்த வழியாக உள்ளே போகிறது, எவ்வளவு போகிறது என்று நான்கையும் கேட்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

6. "2021-ல வந்துச்சே நானோ நைதரசன் பசளை, அது உண்மையிலேயே வேலை செஞ்சுதா? நாங்க ஏமாந்தோமா?"

கந்தப்பளையில் உருளைக்கிழங்கு போடுகிற ஓர் அண்ணன் கேட்டது. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. தேயிலைக்கும் மரக்கறிக்கும் நெல்லுக்கும் நைதரசன் இல்லாமல் போனது. ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து நானோ நைதரசன் திரவப் பசளை வரத் தொடங்கியது. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் மண்ணும் செடியும் நம் அவசரத்துக்குத் திரும்புமா? 2021 இல் 300 மில்லியன் கிலோவுக்குக் கிட்ட இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 251 மில்லியன் கிலோவுக்கு விழுந்தது. வேலைக்குப் பெயர் போட்ட நாட்கள் குறைந்து, மாதக் கடைசியில் கைக்கு வந்த காசு குறைந்ததை நம் வீடுகள் நன்றாக அறியும்.

பசளை வேலை செய்ததா என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். இதே பசளையை இந்தியாவில் நானோ யூரியா என்ற பெயரில் விற்கிறார்கள். அதன் 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்குச் சமம் என்று விளம்பரம் செய்தார்கள். முதலில் வந்த போத்தலில் நைதரசன் 4 வீதம், அதாவது 20 கிராம். யூரியா மூட்டையில் 46 வீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். மண்ணில் போடும் யூரியாவில் பாதிக்கு மேல் மழையோடு ஓடியும் காற்றில் கலந்தும் வீணாவது உண்மை, இலையில் தெளித்தால் வீண் குறைவு என்பதும் உண்மை. ஆனால் ஒரு துளிகூட வீணாகாமல் போனாலும் 20 கிராம் 20 கிராம்தான். செடி புரதம் செய்ய நைதரசன் அணு வேண்டும். அது வேறெங்கிருந்தும் முளைத்து வராது.

விஞ்ஞானிகளும் இதைக் கேட்டார்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2023 இல் இந்த விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கடுமையாக எழுதினார்கள். பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தின் வயல் பரிசோதனையில் நெல் விளைச்சல் 13 வீதமும் கோதுமை 21.6 வீதமும் குறைந்தன. விற்றவர்கள் தங்கள் பரிசோதனைகளில் விளைச்சல் கூடியதாகவே சொல்கிறார்கள். என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: கூடுதல் ஊட்டமாக இலையில் தெளிக்கலாம், மூட்டைப் பசளையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பக் கூடாது.

7. "அப்போ நானோ பசளைங்கிறதே பொய்யா?"

அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நம் நாட்டிலேயே வேறு வழியில் முயற்சி செய்தார்கள். 2008 இல் தொடங்கி இப்போது ஹோமாகமையில் இருக்கும் இலங்கை நானோ தொழினுட்ப நிறுவனத்தில், ஸ்லின்டெக் என்று சொல்வார்கள், பேராசிரியை நில்வலா கோட்டேகொட உள்ளிட்ட குழுவினர் எலும்பிலும் பல்லிலும் இருக்கிற கல்சியம் பொஸ்பேற்று வகையை நானோ துகளாகச் செய்து, அதன்மேல் யூரியாவைப் பிடிக்க வைத்தார்கள். அந்த யூரியா மழையில் ஒரே நாளில் கரைந்து ஓடாமல் மெதுமெதுவாக இறங்கும். வயலில் பாதியளவு யூரியாவோடு நெல் விளைச்சல் குறையாமல் இருந்ததாக 2017 இல் வெளியிட்டார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். 1,000 மடங்கு குறைக்கலாம் என்பது விளம்பரம். பாதியாகக் குறைக்கலாம் என்பது வயலில் அளந்து பார்த்தது. சரிவான நிலமும் கனமழையும் உள்ள நமக்கு மெதுவாக இறங்கும் பசளை ஒரு வரமாக இருக்கும். கானில் ஓடி நீர்த்தேக்கத்தில் பாசி வளர்க்கிற நைதரசன் குறையும்.

8. "அந்த நானோ பசளை தெளிச்ச கோவா, லீக்ஸ் எல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?"

யூரியா என்றால் பயம் வேண்டாம். செடி அதை உடைத்துத் தன் உணவாக்கிவிடும், யூரியாத் துகள் தண்ணீரில் கரைந்துவிடும். வழக்கம்போலக் கழுவிச் சமையுங்கள்.

உலோகத் துகள் என்றால் கதை வேறு. 2012 இல் அமெரிக்காவில் நானோ துத்தநாக ஒட்சைட்டும் சீரியம் ஒட்சைட்டும் கலந்த மண்ணில் சோயா வளர்த்துப் பார்த்தார்கள். துத்தநாகம் விதை வரை ஏறியிருந்தது. சீரியம் கூடுதலாகக் கலந்த மண்ணில், வேர் முடிச்சுகளில் நைதரசன் பிடிக்கிற வேலை ஏறக்குறைய நின்றுபோனது. போஞ்சி போடுகிறவர்களுக்கு அந்த முடிச்சுகளின் அருமை தெரியும். அதனால் போத்தலை வாங்கும்போது நானோ என்ற எழுத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், உள்ளே என்ன பொருள் என்று வாசியுங்கள்.

9. "நான் மருந்தடிக்கிறவன் டீச்சர். வாயில துவாயைக் கட்டிக்கிட்டா போதும்தானே?"

போதாது மாமா. இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொன்னால் தப்பில்லை.

நம் மலையில் செம்பு மருந்து புதிதில்லை. 1946 இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்த காலத்திலிருந்து பூஞ்சணத்துக்குச் செம்பு தெளித்து வருகிறோம். இப்போது செம்பு, துத்தநாகம், வெள்ளி போன்றவற்றை நானோ துகளாக்கித் தெளித்தால் குறைந்த அளவே போதும் என்று ஆய்வு நடக்கிறது. மண்ணில் சேரும் செம்பு குறைந்தால் நல்லதுதான். ஆனால் டாங்கியை முதுகில் சுமந்து, அந்தப் பனித்துளிக்குள்ளேயே நடக்கிறவரின் மூச்சுக்கு என்ன ஆகும்? 4ஆவது பதிலில் சொன்ன மோசமான வழி இதுதான்.

துவாய், சேலைத் தலைப்பு, துணி முகக்கவசம் எல்லாவற்றிலும் ஓரத்தால் காற்று உள்ளே வரும், துணியின் இழைகளும் அகலமானவை. என்95 (N95) வகைக் கவசம் முகத்தோடு ஒட்டிப் போட்டால் நானோ துகளையும் பிடிக்கும். இது பலருக்கு நம்ப முடியாமல் இருக்கிறது: இவ்வளவு சிறியது எப்படி அகப்படும் என்று கேட்கிறார்கள். மிகச் சிறிய துகள் நேராகப் போகாது, காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அங்குமிங்கும் தடுமாறும். அப்படித் தடுமாறும்போது கவசத்தின் இழையில் போய் ஒட்டிக்கொள்ளும். இழைகளில் மின்னேற்றமும் இருப்பதால் இழுத்துப் பிடிக்கும். ஆனால் நனைந்த கவசத்தையும் ஒரு வாரம் போட்ட கவசத்தையும் நம்ப வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். கரைக்கும்போது தூளைக் கொட்டுகிற அந்த ஒரு நிமிடம் மணிக்கணக்கில் தெளிப்பதைவிட மோசமாக இருக்கலாம், ஏனென்றால் அப்போது அது உலர்ந்த தூள். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், தண்ணீருக்குக் கிட்ட வைத்து மெதுவாகப் போடுங்கள். கவசமும் கையுறையும் கொடுக்க வேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

10. "வெயிலுக்குப் பூசுற கிரீம்ல நானோ இருக்காமே. முகம் கெட்டுப்போயிடுமா?"

தோல் பற்றி மேலே சொன்னதேதான்: களிம்பாகப் பூசினால் ஆபத்துக் குறைவு, ஸ்பிரே வகையைத் தவிருங்கள். ஐரோப்பாவில் 2013 இலிருந்து அழகுசாதனப் பொருட்களில் நானோ வடிவில் இருக்கும் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் நானோ என்று அச்சிட வேண்டும். அங்கிருந்து வரும் பெட்டிகளில் பார்க்கலாம்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை, சந்தையில் பெயர் தெரியாமல் விற்கும் வெள்ளையாக்கும் கிரீம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். பாதரசம் தோல் வழியாகவே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வாங்கிப் பூசிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

11. "டொபியில, சுவிங்கத்துல எல்லாம் நானோ போடுறாங்களா?"

வெள்ளை நிறத்துக்காக ஈ171 என்ற எண்ணில் தைத்தேனியம் ஈரொட்சைட்டுச் சேர்ப்பார்கள். அதில் ஒரு பங்கு துகள்கள் நானோ அளவில் இருக்கும். அது மரபணுவைப் பாதிக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 இல் அறிவித்தது. அடுத்த வருடம் ஐரோப்பிய ஒன்றியம் அதை உணவில் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2023 இல் அதே ஆதாரங்களைப் பார்த்து, தடை தேவையில்லை என்ற பக்கம் நின்றது. பெரியவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும்போது, வெள்ளை நிறம் தவிர வேறு எந்தப் பயனும் இல்லாத ஒன்றை என் பிள்ளைக்கு நான் வாங்கிக் கொடுக்கவில்லை.

12. "வெள்ளி போட்ட சொக்ஸ் மணக்காதுன்னு வாங்கினோம். அதைக் கழுவுற தண்ணி மீனுக்கு ஆகாதாமே?"

நானோ வெள்ளி பக்ரீரியாவைக் கொல்லும், அதனால் வாடை வராது. ஆனால் நல்ல பக்ரீரியா, கெட்ட பக்ரீரியா என்று அது பார்ப்பதில்லை. 2008 இல் அமெரிக்காவின் அரிசோனாவில் பல வகைச் சொக்ஸைக் கழுவிப் பார்த்தார்கள். சிலவற்றில் நான்கு தடவை கழுவியதிலேயே வெள்ளி ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது, சிலவற்றில் அசையவே இல்லை. தண்ணீரில் வெள்ளி அயன் நீர்த்தெள்ளு போன்ற சிறு உயிர்களுக்கும் மீனுக்கும் கடும் நஞ்சு. எப்போதும் வெள்ளிக்குப் பழகிய பக்ரீரியாக்கள் எதிர்ப்புச் சக்தி பெறுவதும் நடக்கும். தீக்காயத்துக்கு வெள்ளி மருந்து போடும் வைத்தியசாலைக்கு அது நல்ல செய்தி இல்லை.

ஆறுதலான பக்கமும் உண்டு. கழிவுநீரில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்தால் வெள்ளி, வெள்ளிச் சல்பைட்டாக மாறி நஞ்சு வெகுவாகக் குறைந்துவிடும். ஓடை நீரில் இலைமக்குச் சாறு ஒட்டிக்கொண்டு துகள்கள் கட்டியாகி அடியில் படியும். ஆனால் படிந்தது மறைந்துவிடாது. நீர்த்தேக்கச் சேற்றில் சேரும், அந்தச் சேற்றில்தான் புழுக்களும் இருக்கின்றன.

நம் வீட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. கானில் விழுந்து, ஓடையில் கலந்து, காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. அங்கிருந்து வரும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்புக்காரர் குடிக்கும் தண்ணீரை அம்பத்தலையில் அந்தக் கங்கையிலிருந்துதான் எடுக்கிறார்கள். கொத்மலைப் பக்கத்துத் தண்ணீர் மகாவலியோடு திருகோணமலை வரை போகிறது. இரண்டு சோடி சொக்ஸால் ஆறு கெட்டுவிடாது, உண்மைதான். இருந்தாலும் தண்ணீர் பிறக்கும் இடத்தில் இருக்கிற நமக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிட முக்கியம்.

13. "நானோ பில்டர்னு ஒருத்தர் வீட்டுக்கு வந்து விக்கிறார். தண்ணிக்குள்ள துகள் வந்துடாதா?"

பல பில்டர்களில் நானோ என்பது சவ்வின் துளை அளவைக் குறிக்கும். அங்கே துகளே இல்லை. வெள்ளி பூசியது என்று சொன்னால் எவ்வளவு வெளியேறும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம். பீலித் தண்ணீருக்குக் கொதிக்க வைப்பதுதான் இன்னும் நல்ல வழி.

14. "கொரோனா ஊசியில நானோ சிப் வச்சாங்கன்னு சொன்னாங்களே?"

சிப் இல்லை. நம் நாட்டில் பெரும்பாலோருக்கு முதலில் போட்ட சைனோபார்ம் ஊசி, கொல்லப்பட்ட வைரஸில் செய்தது. பிறகு மூன்றாவதாகப் பலருக்குப் போட்ட பைசரில் நானோ துகள் உண்டு. அது கொழுப்பினால் ஆன சின்ன உறை. எம்.ஆர்.என்.ஏ. என்ற செய்தி இழை உடம்பில் உடனே சிதைந்துவிடும் என்பதால், கலத்துக்குள் போகும் வரை அதைப் பொத்தி வைக்க அந்த உறை. வேலை முடிந்ததும் கொழுப்பு கரைந்துவிடும். சிலருக்குக் காய்ச்சல், கை வலி வந்தது. மிகச் சிலருக்கு, அதுவும் இளைஞர்களுக்கு, இதயத்தசை அழற்சி வந்ததும் பதிவாகியிருக்கிறது. இதை மறைக்கத் தேவையில்லை.

15. "கிளினிக்ல இரும்பு ஊசி போடணும்னாங்க. அதுவும் நானோன்னு மகன் சொல்றான். வயித்துல பிள்ளை இருக்கு, பயமா இருக்கு."

மகன் சொன்னது சரிதான் அக்கா, ஆனால் பயப்பட வேண்டாம். குருதிச்சோகை கூடி, மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஏற்றும் இரும்பு சுக்குரோசு மருந்தில் இரும்பைச் சர்க்கரை சுற்றிய நானோ துகளாகவே வைத்திருக்கிறார்கள். தனி இரும்பை நேரடியாக நாளத்தில் ஏற்றினால் நஞ்சாகிவிடும். சர்க்கரை உறை இருப்பதால் மெதுவாக வெளியே வரும். பல வருடமாகப் பயன்படுவது, ஆனாலும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் வைத்தியசாலையிலேயே வைத்து ஏற்றுவார்கள். வழக்கமாக மூன்று மாதம் கடந்த பிறகே கொடுப்பார்கள். நம் தோட்டங்களில் எத்தனை தாய்மார் வெளுத்துப்போய்ப் பிள்ளை பெறுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வைத்தியர் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்க்கும் இப்படி உறையில் வைத்துக் கொடுக்கும் மருந்து 1995 இலிருந்து பாவனையில் உண்டு. நீங்கள் பயப்பட வேண்டிய நானோ துகள் வேறு இருக்கிறது: 2019 இல் பெல்ஜியத்தில், வாகனப் புகையின் கரித் துகள்கள் தாயின் நஞ்சுக்கொடியில் பிள்ளையின் பக்கம் வரை போயிருப்பதைக் கண்டார்கள். பிள்ளை பிறக்கும் வரையாவது அடுப்படி வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுங்கள்.

16. "காபன் நானோகுழாய் அஸ்பெஸ்டஸ் மாதிரியாம், உண்மையா?"

உயர்தரம் படிக்கும் மாணவி கேட்டது. காபன் அணுக்களால் ஆன, நானோ அளவுத் தடிப்புள்ள குழாய்தான் இது. சில வகைக்கு உண்மை. 2008 இல் எடின்பரோ ஆய்வாளர்கள் நீண்டு விறைப்பான நானோகுழாய்களை எலியின் வயிற்றறைக்குள் செலுத்தினார்கள். அஸ்பெஸ்டஸ் நாருக்கு வருகிற அதே வகை அழற்சி வந்தது. குட்டையான, சுருண்ட குழாய்களுக்கு அப்படி வரவில்லை. ஒரு குறிப்பிட்ட வகையை, புற்றுநோய் வரவைக்கக் கூடியதாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2014 இல் பட்டியலில் சேர்த்தது. மற்ற வகைகளுக்கு ஆதாரம் போதவில்லை என்றது.

ஒரே காபன்தான், நீளமும் விறைப்பும் மாறியதால் குணம் மாறியது. விளையாட்டு மட்டைக்குள்ளும் பற்றரிக்குள்ளும் பிசினோடு கட்டுண்டு இருக்கும் குழாயால் பயன்படுத்துபவருக்கு ஒன்றும் ஆகாது. அதை அரைக்கும், வெட்டும், எரிக்கும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து.

17. "எலிக்கு வந்தா நமக்கும் வரணும்னு இருக்கா? எலிக்கு மூட்டைக் கணக்குல கொடுத்திருப்பாங்க."

நியாயமான கேள்வி. பல எலி ஆய்வுகளில் நாம் வாழ்நாளில் காணாத அளவைக் கொடுக்கிறார்கள், அதனால் ஒன்றிரண்டை வைத்து அலறக் கூடாது. ஆனால் மறுபக்கமும் பாருங்கள். வழக்கமாக நஞ்சை மில்லிகிராமில் அளக்கிறோம். 2ஆவது பதிலில் சொன்ன ஒன்றரை ஏக்கர் ஞாபகம் இருக்கிறதா? நானோவில் ஒரே மில்லிகிராமுக்குப் பரப்பு பல மடங்கு மாறும், அதனால் எடையை மட்டும் பார்த்துப் போட்ட பாதுகாப்பு எல்லை சரியாக இருக்குமா என்பதே கேள்வி. பெரிய கட்டியாகப் பரிசோதித்துப் பெற்ற அனுமதியை நானோவுக்கும் நீட்டக் கூடாது, தனியாகப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் பக்கம்தான் நானும்.

18. "ஏதாவது புது நானோ மருந்து கொண்டு வந்து வித்தா யார்கிட்ட கேக்கிறது?"

தேயிலைக்கு என்றால் தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசு இருக்கிறதா என்று பாருங்கள். 1925 இலிருந்து இயங்குவது. பீடைகொல்லி எதுவாக இருந்தாலும் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டப்படி பேராதனையில் உள்ள பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவாகியிருக்க வேண்டும். லேபிளில் பதிவு இலக்கம் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். மரக்கறிச் சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். பொய் விளம்பரம் என்றால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977. தெளிக்கும்போது யாருக்காவது மூச்சு முட்டினால் 1990 அம்புலன்சை அழையுங்கள், போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். உள்ளே என்ன என்று வைத்தியருக்குத் தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக நடக்கும்.

19. "காலிப் போத்தலையும் மிச்ச மருந்தையும் என்ன செய்றது? கழுவிட்டு எண்ணெய் ஊத்தி வைக்கலாமா?"

வேண்டவே வேண்டாம். எண்ணெய், மண்ணெண்ணெய், குடிதண்ணீர் எதற்கும் அந்தப் போத்தல் ஆகாது. எரிக்கவும் கூடாது: புகையாகிப் போனால் 3ஆவது பதிலுக்குத் திரும்பி வந்துவிடுவோம். போத்தலை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரையும் டாங்கியிலேயே ஊற்றித் தெளித்துவிடுங்கள். பிறகு அடியில் ஓட்டை போட்டு, பிள்ளைகள் கை படாத இடத்தில் சேர்த்து வைத்து, வாங்கிய கடையிலோ தோட்டத்து மருந்து அறையிலோ ஒப்படையுங்கள். டாங்கியைப் பீலிக்கரையில் கழுவாதீர்கள். கீழே இருக்கிற லயத்தில் அதே தண்ணீரைத்தான் குடத்தில் பிடிக்கிறார்கள்.